பம்பு மக்கர் பண்ணுகிறதா? கஷாயத்தைத் தேடாதீர்கள்!

சித்த வைத்தியருக்கும் இன்சுலின் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த நாளில், பம்பு என்றால் எங்கள் ஹாஸ்டலுக்குத் தெரிந்தது சைக்கிள் பம்பு ஒன்றுதான்!

இன்றைக்கு அப்படியில்லை. பீர்க்கன்கரணையில் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர், அந்தக் காலத்துப் பேஜர் மாதிரி ஒரு சின்ன டப்பாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். சர்க்கரைக்காக அவர்கள் என்னிடம் வருவதில்லை. அதற்கு வேறு டாக்டர் உண்டு. சளி, அரிப்பு, வயிற்றுக் கோளாறு என்று வருவார்கள். வந்த இடத்தில் அம்மாவோ அப்பாவோ மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

"டாக்டர், இந்த மெஷினை லட்சக்கணக்குல குடுத்து வாங்கினோம். மாசா மாசம் டியூப்பு, ஸ்டிக்கர்னு வேற ஆயிரக்கணக்குல செலவு. ஆனா அடிக்கடி மக்கர் பண்ணுது. ராத்திரியெல்லாம் கீ கீன்னு கத்துது. பேசாம இதைக் கழட்டி வெச்சிட்டு உங்க மருந்துக்கே வந்துடறோமே... ஏதாவது கஷாயம் குடுங்களேன்!"

நான் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். "கழட்டணும்னா தாராளமா கழட்டுங்கம்மா. ஆனா கழட்டின கையோட இன்சுலின் ஊசியை எடுங்க. கஷாயத்தை எடுக்காதீங்க."

ஒரு சித்த மருத்துவரே இப்படிச் சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்லாவிட்டால் யார் சொல்லி அவர்கள் கேட்கப் போகிறார்கள்?

சர்க்கரை நோயில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இதில் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரந்து கொண்டிருக்கும். ஆவாரைக் குடிநீரும், சிறுகுறிஞ்சானும், நாவல் கொட்டையும் துணைக்கு நிற்பது இவர்களுக்குத்தான். அதுவும் வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும்.

பம்பு போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக்காரர்கள். சின்ன வயதிலேயே வந்த நோய். இவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பு அறவே நின்று போயிருக்கும். யூகி முனிவர் வாதத்தில் 4, பித்தத்தில் 6, கபத்தில் 10 என்று மேகத்தை 20 வகையாகப் பிரித்து எழுதினார். அந்த நூலை மதித்துப் படித்தவன் நான். ஆனாலும், சுரப்பே இல்லாத உடம்பில் இன்சுலினுக்குப் பதிலாக நிற்கக்கூடிய மூலிகை எதுவும் சித்தத்திலும் கிடையாது, ஆயுர்வேதத்திலும் கிடையாது, ஆங்கில மருத்துவத்திலும் கிடையாது. 1922-ம் வருடம் ஜனவரி மாதம் கனடாவின் டொரோன்டோ நகரில் லியோனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மாதக் கணக்கில், மிஞ்சினால் சில வருடங்களில் இறந்து போனார்கள். தாம்ப்சன் அதற்கப்புறம் 13 வருடம் இருந்தார்.

சரி, பம்புக்கு வருவோம்.

ஊசி போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமான இன்சுலின் போடுவார்கள். ஒன்று, ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்ல வேலை செய்வது. இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் போட்டுக் கொள்ளும் வேகமான ரகம். பம்பில் இந்த வேகமான ரகம் மட்டும்தான் இருக்கும். அதையே சில நிமிடத்துக்கு ஒரு துளியாக, ராப்பகலாக உடம்புக்குள் விட்டுக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது பட்டனை அழுத்தினால் கொஞ்சம் கூடுதலாகத் தரும். ரொம்ப நல்ல ஏற்பாடு. சரியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்குவது குறைகிறது, ஒரு நாளைக்கு நாலு குத்து என்பதும் மிச்சம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கண்டுபிடிப்புதான். 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்டு காடிஷ் என்ற டாக்டர் செய்த முதல் பம்பை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. இன்றைக்குச் சட்டைப்பைக்குள் அடங்குகிறது.

ஆபத்தும் இதே ஏற்பாட்டில்தான் இருக்கிறது. வேகமான இன்சுலின் சீக்கிரமே தீர்ந்து போகும். நாள் முழுக்க நிற்கிற இன்சுலின் உடம்பில் ஒரு சொட்டுக்கூடக் கையிருப்பு கிடையாது. எனவே பம்பு நின்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் சர்க்கரை மளமளவென்று ஏறி, கீட்டோன் என்கிற அமிலம் இரத்தத்தில் தலைகாட்டத் தொடங்கும். ராத்திரி பத்து மணிக்குக் குழாய் கழன்று, அதைக் கவனிக்காமல் தூங்கிவிட்டால், விடியும்போது பிள்ளை வாந்தியோடு எழுந்திருக்கும். "நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போன் பண்ணிக்கலாம்" என்று படுக்கிற விஷயமில்லை இது.

மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை!

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு போர்வெல் உண்டு. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும். கரண்ட் மீட்டரும் சுற்றும். ஆனால் மாடித் தொட்டியில் ஒரு பொட்டுத் தண்ணீர் ஏறியிருக்காது. காற்றுப் பிடித்திருக்கும், அல்லது பைப்பில் எங்கேயாவது ஓட்டை இருக்கும். இன்சுலின் பம்பும் அப்படித்தான். மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது அதற்குத் தெரியும். அதை வைத்து, 'இத்தனை யூனிட் கொடுத்தாயிற்று' என்று திரையில் காட்டும். அந்த மருந்து உண்மையிலேயே தோலுக்கு அடியில் இறங்கியதா, சட்டையில் ஒழுகியதா என்பது அதற்குத் தெரியாது!

குழாய் அடைத்துக் கொண்டால் மெஷின் அலறும். ஆனால் உடனே அலறாது. சின்னக் குழந்தைகளுக்கு மணிக்கு மிகக் குறைவான அளவே போவதால், அடைப்பு என்று மெஷின் உணர்ந்து கத்துவதற்கே சில மணி நேரம் ஆகலாம். குழாயின் முனை தோலிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டால் அந்தச் சத்தமும் வராது. மருந்துதான் தடையில்லாமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறதே!

எனவே கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் ஈரமாக இருக்கிறதா, முனை ஒட்டிய இடம் சிவந்து வீங்கியிருக்கிறதா, குழாயில் காற்றுக் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். இன்சுலின் கெட்டுப் போகாமலிருக்கச் சேர்க்கும் பொருளுக்கு, டெட்டாலை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஒரு மருந்து வாடை உண்டு. சட்டையிலோ ஸ்டிக்கரிலோ அந்த வாடை அடித்தால் மருந்து வெளியே ஒழுகுகிறது என்று அர்த்தம். குமிழிக்கு ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன்: பிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற இன்சுலினை அப்படியே நிரப்புவது. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர்ச்சி போன பிறகு நிரப்புங்கள்.

'நமக்கு வந்த மெஷின்தான் மட்டமோ' என்று நினைத்துக் குமைய வேண்டாம். பெரிய நாட்டிலும் இதே கதைதான். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மெட்ரானிக் கம்பெனியின் மினிமெட் 600 வரிசைப் பம்புகளில், மருந்துக் குப்பியைப் பிடித்து நிறுத்துகிற சின்ன பிளாஸ்டிக் வளையம் உடைந்தோ, காணாமலோ போகிறது. அதனால் இன்சுலின் கூடுதலாகவோ குறைவாகவோ இறங்கலாம் என்று எச்சரித்தது. அந்த நாட்டில் மட்டும் 3,22,005 பம்புகள் இதில் அடக்கம். 2,175 பேருக்குப் பாதிப்பு, ஒரு மரணம் என்று புகார்கள் வந்திருந்தன. 2024-ல் இன்னொரு விவகாரம். டான்டெம் என்ற கம்பெனியின் பம்போடு சேர்ந்து வேலை செய்யும் ஐபோன் செயலியில் கோளாறு. செயலி நின்று நின்று மறுபடி கிளம்பியதில் பம்பின் பேட்டரி காலியாகி, எதிர்பாராமல் நின்று போனது. வளையம் உடைந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். போனில் இருக்கிற செயலி பேட்டரியைத் தின்றால் எப்படித் தெரியும்?

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

காரணமே இல்லாமல் சர்க்கரை 250-க்கு மேல் காட்டுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உடம்பில் ஒட்டிய சென்சார் காட்டினால் அதை மட்டும் நம்பாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பாருங்கள். அதுவும் 250 தாண்டினால் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் இல்லை என்றால் பம்பு மூலமாகவே ஒரு முறை சரிசெய்யும் அளவு கொடுத்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கவில்லையா? இனி பம்பை நம்ப வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை பேனாவிலோ சிரிஞ்சிலோ எடுத்து ஊசியாகப் போடுங்கள். அதன் பிறகு குழாய், முனை, மருந்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். ஊசி முதலில், ரிப்பேர் பிறகு. கீட்டோன் இருந்தால் பம்பில் முயற்சி செய்து பார்க்கிற பேச்சே வேண்டாம், நேரே ஊசிதான். அன்றைக்கு ஓட்டம், உடற்பயிற்சி எதுவும் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கீட்டோன் பார்ப்பது என்றதும் பயப்படுகிறார்கள். நீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று பார்த்து நோயைச் சொல்ல தேரையர் நமக்கு நீர்க்குறி கற்றுக் கொடுத்திருக்கிறார். இதுவும் ஒரு நீர்க்குறிதான். பட்டையைச் சிறுநீரில் நனைத்து, டப்பாவில் சொன்ன நேரம் கழித்து நிறத்தை ஒப்பிட்டால் தீர்ந்தது. டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள், திறந்த சில மாதங்களில் பட்டை வீரியம் இழந்துவிடும். இரத்தத்தில் கீட்டோன் பார்க்கிற மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சிறுநீர் சொல்வது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை, இரத்தம் சொல்வது இந்த நிமிடத்து நிலவரம். 0.6-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் டாக்டருக்குப் போன். 3 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாக வாங்குகிறது, வாயில் பழ வாடை அடிக்கிறது என்றால் எந்த எண்ணையும் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு என்று வயிற்று வலிக்கு வைத்தியம் பார்க்கிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அன்போடு செய்வதுதான். ஆனால் கைநழுவிப் போகிற ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

இப்போது நான் சொல்லப் போவதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் வருகிறது. பாட்டிலில் வருகிற சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பம்பில் போடுகிற வேகமான ரகம் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். பம்பு நின்ற அவசரத்தில், பம்பு மருந்தைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட்! இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். ஆகவே வீட்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சோ, இன்சுலின் பேனாவோ எப்போதும் இருக்கட்டும். சிவப்பு மூடியை அந்த அலமாரியிலேயே வைக்காதீர்கள்.

இன்னொன்று, பம்புக்குள் இருக்கிற கணக்கைக் காகிதத்தில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். மணிக்கு மணி போகிற அளவு, 24 மணி நேர மொத்தம், எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பதெல்லாம். மெஷின் செத்தால் கணக்கும் சேர்ந்து செத்துவிடும். பம்பு ஒரு நாளுக்கு மேல் இல்லாமல் போனால் நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட் போட வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடம் இன்றைக்கே கேட்டு, அதே காகிதத்தில் எழுதுங்கள். அந்த மருந்து வேலை ஆரம்பிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை வேகமான ரகத்தைத்தான் ஊசியாகப் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

பம்பு அளவுக்கு மேல் கொடுத்துவிட்டது, பிள்ளைக்கு வியர்த்து நடுங்குகிறது என்றால், முதலில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கையோடு குழாயைக் கழற்றுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நம் வெயில், நம் எண்ணெய்க் குளியல்

அயல்நாட்டுக் கையேட்டில் இல்லாத சில விஷயங்கள் நம் ஊரில் உண்டு. முதலில் வியர்வை. தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள், ஸ்டிக்கர் எப்படி உரிகிறது என்று தெரியும். பக்கத்து ஆளின் பை வாரில் குழாய் மாட்டி இழுபடுவதும் அங்கேதான். குழாயைச் சட்டைக்கு உள்ளே விட்டு, ஸ்டிக்கர் மேல் மெல்லிய பிளாஸ்திரி ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.

அடுத்தது எண்ணெய்க் குளியல். வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்க்கச் சொல்வது எங்கள் மரபு. நானும் சொல்கிறேன். ஆனால் எண்ணெய் பட்ட தோலில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. இதற்கு எளிய வழி உண்டு. குழாய் செட்டை எப்படியும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும். மாற்றுகிற நாளிலேயே எண்ணெய்க் குளியலை வைத்துக் கொள்ளுங்கள். பழையதைக் கழற்றி, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு நன்றாகப் போக்கி, உடம்பு உலர்ந்த பின் ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, புது செட் போடுங்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தலையில் எண்ணெயோடு வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற வேலையெல்லாம் இவர்களுக்கு ஆகாது. கொதிக்கிற வெந்நீரும் வேண்டாம், ஏற்கெனவே போன இன்சுலினை அது வேகமாக இழுத்துவிடும். பேதி மருந்து சாப்பிடுகிற வழக்கத்தையும் இவர்கள் மறந்துவிட வேண்டும். நீர் வற்றினால் கீட்டோன் ஏறும்.

வெயிலைப் பற்றி. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பிரீசரில் உறைந்தால் குப்பைக்குத்தான். பிரிட்ஜ் இல்லை, கரண்ட் இல்லை என்றால் பழைய பானை முறை இருக்கிறது. புது மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்தை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து நடுவில் இறக்கி, நிழலில் காற்றோட்டமாக வைக்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும், கென்யாவின் அகதி முகாம் ஒன்றில் நிலவும் வெப்பத்தைப் போலவே 25-லிருந்து 37 டிகிரி வரை ஏறி இறங்குகிற சூட்டில் இன்சுலினை நாலு வாரம் வைத்துச் சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். எனவே ஒரு ராத்திரி கரண்ட் போனால் மருந்தைக் கொட்டிவிட வேண்டாம். ஆனால் பூட்டிய காரில், சித்திரை வெயிலில் மறந்து விட்டுப் போன மருந்து வேறு. அதைத் தூர எறியுங்கள்.

மழைக்காலம் எங்களுக்கு வெயிலைவிட மோசம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஆட்களைப் படகில் கொண்டு வந்தார்கள். அடுத்த வருடமே டிசம்பர் 12-ல் வர்தா புயல், மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பெருங்களத்தூர் பக்கம் முதலை ரோட்டைக் கடந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்! இப்படிப்பட்ட ராத்திரியில் எந்தக் கம்பெனிக்காரரும் புது பம்பைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வரப்போவதில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு டப்பா தயார் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டிய இன்சுலின், நீண்ட நேர ரகம் உட்பட. பேனா, ஊசி முனை, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், குளுக்கோமீட்டர் பட்டை, கீட்டோன் பட்டை, குளுக்கோஸ் பாக்கெட், மெஷினுக்கு ஏற்ற பேட்டரி. பேட்டரியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். கையேட்டில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். சார்ஜ் போடுகிற பம்பு என்றால் முழு சார்ஜோடு ஒரு பவர் பேங்க் இருக்கட்டும். மருந்து வாங்கப் பணமில்லை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பம்பு போட்டவர் வரிசையில் நிற்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டு இன்சுலினை மட்டும் பம்பில் போடாமல் பேனாவில் போட்டுப் பழகச் சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஊசி போடும் கை பழக்கம் விட்டுப் போனால், அவசரத்தில் அம்மா கையும் நடுங்கும், பிள்ளையும் அழும்.

கடைசியாக, புகார். மெஷின் கோளாறை டீலரிடம் போனில் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். எழுத்தில் கொடுங்கள். பில், சீரியல் நம்பர், கோளாறு நடந்த நாள், நேரம், அப்போது சர்க்கரை எவ்வளவு என்று குறித்துக் கொடுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க மத்திய அரசு 2015 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதைப் பார்த்துக் கொள்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியும் வீட்டாரும் சொல்லலாம். வேலை நாட்களில் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம். வாரண்டிக்குள் இருந்தும் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பழுதான குழாயையும் முனையையும் கோபத்தில் குப்பையில் வீசிவிடாமல், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். கம்பெனிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.